நாலாவது தலையணை

கூண்டுக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். வருஷம் ஒரு தடவை புகைக்கூண்டைச் சுத்தம் செய்கிறவர்கள். புகை கண்ணைக் கரித்த பிறகு அவரைத் தேடி ஓடி வருகிறவர்கள். முதல் வகையை அவர் மதித்தார். இரண்டாம் வகையை வைத்துப் பிழைத்தார். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதற்குச் சம்பந்தி என்று பெயர் என்பது மகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

வீடுகளின் கூரைமேல் ஏறிப் புகைக்கூண்டைத் துடைப்பதும், உதிர்ந்த பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதும், உடைந்த செங்கல்லை மாற்றுவதும் அவர் தொழில். முப்பத்தெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். தபால்காரர்கூட அவரைக் கூண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் மூக்குக்கு மேல் வரும். வேலையில் குற்றம் சொல்லிவிட்டால் போதும், சொன்னவரின் வீட்டுப் பக்கம் அடுத்த மூன்று வருஷத்துக்குத் தலை வைத்துப் படுக்க மாட்டார். அப்படி அவர் கைவிட்ட வீடுகள் ஊரில் ஏழெட்டு இருந்தன. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

அவருடைய சாமான் பையில் துடைப்பங்களோடும் கரண்டிகளோடும் நாலு தலையணைகள் இருக்கும். தூங்குகிற தலையணை இல்லை. கந்தல் துணியைத் திணித்துத் தைத்த கோணிப்பைகளுக்கு அவர் வைத்த பெயர் அது. கூண்டின் உச்சியில் பூச்சைச் சுரண்டும்போது தூளும் செங்கல் துண்டும் உள்ளே விழுந்து, கீழே அறைச் சுவரில் தீ மூட்டுகிற கணப்பிலும் தரையிலும் சிதறாமல் இருக்க, ஒவ்வொரு புகைக்குழாயின் வாயிலும் ஒரு தலையணையைத் திணித்துவிடுவார். வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிட வேண்டும். மறந்தால் புகைக்கு வழி கிடையாது. வழி கிடைக்காத புகை வீட்டுக்குள்ளேதான் திரும்பும்.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தலையணைகளை எண்ணுவது. அது மகளுடைய வேலை. தைத்தவளும் அவள்தான். பத்து வயதில், தன்னுடைய பழைய பள்ளிக்கூடப் பாவாடையைக் கிழித்து மேலுறை போட்டு, மூலையில் சிவப்பு நூலால் ஒன்றுக்கு ஒரு தையல், இன்னொன்றுக்கு இரண்டு, மூன்று, நாலு என்று அடையாளம் வைத்திருந்தாள். அம்மா போன பிறகு வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். “நாலும் வந்தாச்சுப்பா” என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் அவர் கை கழுவுவார், சாப்பாடு விழும். கல்யாணமாகி அவள் போன பிறகு அவரே எண்ணிக்கொண்டார்.

குளிர் தொடங்குகிற சமயத்தில் சம்பந்தி வீட்டுப் புகைக்கூண்டை அவர்தான் வலியப் போய்ப் பழுது பார்த்தார். மகள் வாழப்போன வீடு, ஓசியில் செய்து கொடுத்தால் அவளுக்கு ஒரு மதிப்பு என்று ஒரு கணக்கு. மாடி வீடு. ஒரே கூண்டுக்குள் மூன்று குழாய்கள்: ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மகள் படுக்கிற மாடி அறைக்கு ஒன்று. மூன்று வாய்க்கும் மூன்று தலையணை வைத்தார். மாடி அறைக் குழாயில் கை நீளத்துக்குக் கீழே ஒரு செங்கல் உடைந்திருந்தது. அதை மாற்றுவதற்காக நாலாவதை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சம்பந்தியம்மாவின் அண்ணன் குடும்பம். ஐந்து நிமிஷத்தில் சம்பந்தியம்மா முற்றத்துக்கு வந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. விருந்தாளிங்க வந்திருக்காங்க. வேலை முடிஞ்சதும் பின்பக்கமா போயிடுறீங்களா? மேலெல்லாம் கரியா இருக்கு பாருங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் கூண்டுக்காரருக்குத் தாங்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன், கூலி வாங்காமல் வேலை பார்க்கிறவன், பின்பக்கமாகப் போக வேண்டுமாம்! காது சிவந்துவிட்டது. எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் உள்ளே போய், ஒவ்வொரு கணப்பிலும் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகை மேலே இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் அந்த விருந்தாளிகள் நடுவே நடக்க வேண்டும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கி நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து எண்ணினார். மூன்று இருந்தன.

பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். மூன்றுதான். உடனே, கூரைமேல் கூண்டுக்குப் பின்னால் வைத்தது அங்கேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவும் செய்துகொண்டார். ஒரு கந்தல் பைக்காக மறுபடி அந்த வாசலில் போய் நின்று, ‘என் சாமான் ஒண்ணை விட்டுட்டேன், ஏறிப் பாக்கட்டுமா’ என்று கேட்பதா? அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்ட அந்த அம்மாவிடம்? வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்திருப்பார். சம்பந்தி வீடு என்பதால் போகவில்லை.

பத்து நாளில் மகளிடமிருந்து போன் வந்தது. காலையில் எழுந்தால் தலை பாறையாகக் கனக்கிறதாம். வாந்தி வருகிறதாம். நல்ல சேதியாக இருக்குமோ என்று அந்த வீட்டில் இரண்டு வாரம் தாங்கினார்கள். நல்ல சேதி இல்லை என்று தெரிந்ததும் இறக்கி விட்டுவிட்டார்கள். பால் பொங்கி வழிகிறது, இவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். தட்டு கைநழுவி விழுகிறது. ஏழு மணிக்கு எழுப்பினால் எட்டரைக்குக் கண் திறக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கிடங்கில் இரவு வேலை. விடிந்து வந்து அதே அறையில், கணப்பு அணைந்த பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பார். அவருக்கு ஒரு தலைவலியும் கிடையாது. ஆகவே இவளுக்கு இருப்பது நடிப்பு என்று தீர்ப்பாகிவிட்டது.

ஐந்தாவது வாரம் அவள் அப்பா வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் எழுந்து வீட்டைப் பெருக்கினாள், இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், பாட்டுக்கூடப் பாடினாள். கூண்டுக்காரர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்குக் கோபம்தான் வந்தது.

“இங்க வந்தா மட்டும் எப்படி எல்லாம் சரியாப் போவுது?”

“தெரியலையேப்பா.”

“எனக்குத் தெரியுது. வேலை செய்ய உடம்பு வணங்கலை. அவங்க முன்னாடி என் தலையைக் குனிய வெச்சுடாதே.”

முப்பத்தெட்டு வருஷம் புகையோடு குடித்தனம் நடத்திய மனிதர் பேசிய பேச்சு இது. ராத்திரி மூடிய அறையில் கரி எரிகிறது, காலையில் தலை கனக்கிறது, அந்த வீட்டை விட்டு வந்தால் தெளிகிறது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏணியைத் தூக்கியிருப்பார். மகள் சொன்னபோது அவர் காதில் விழுந்தது சம்பந்தியம்மாவின் குரல் மட்டும்தான்.

கிளம்புகிற அன்று காலை அவள், “தலையணையெல்லாம் கொண்டாங்கப்பா, பிரிஞ்சிருந்தா தைச்சுக் குடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ கிளம்பு, பஸ் போயிடும்” என்றார் கூண்டுக்காரர்.

அதற்குப் பத்து நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். மூன்று நாளாக மாடி அறையில் புகை திரும்புகிறதாம், வந்து பார்க்க முடியுமா என்றார். குரல் ஒரு மாதிரி கெஞ்சலாக இருந்தது. கூண்டுக்காரருக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். என்னதான் பின்பக்கமாக அனுப்பினாலும் கடைசியில் நான்தானே வேண்டியிருக்கிறது என்று மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

மகள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருக்கிறாள் என்றார்கள். மாப்பிள்ளை தூங்காத கண்ணோடு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போனதும் அவர் முதலில் பார்த்தது கூண்டுக்குப் பின்பக்கம். அங்கே ஒன்றும் கிடக்கவில்லை. காற்றில் மாடி அறைக் குழாயின் தகர மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு, கம்போடு கம்பைப் பூட்டித் துடைப்பத்தை இறக்கினார். இரண்டாவது கம்பு இறங்குவதற்குள் தட்டியது. செங்கல்லில் முட்டினால் கை அதிரும். இது அதிரவில்லை, மெத்தென்று வாங்கிக்கொண்டது.

கொக்கிக் கம்பை விட்டுக் கிளறி இழுத்தார். வர மறுத்தது. மண்டியிட்டு, தோள் வரை கையை விட்டு இழுத்தபோது கருப்பாக, மழையில் ஊறிப் பருத்து, செத்த நாய்க்குட்டி மாதிரி வெளியே வந்தது. மூலையைத் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு நூல். நாலு தையல்.

இத்தனை நாளும் ஓரத்தில் இருந்த கொஞ்சம் சந்தில் புகை கசிந்து போயிருக்கிறது. மாடிக்கு விறகு தரமாட்டார்கள், சுவர் கறுக்கும் என்று மரக்கரிதான். கரியில் கண்ணுக்குத் தெரிகிற புகை அதிகம் இராது. கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்று முழுக்க அறையிலேயே தங்கியிருக்கிறது. மழையில் பை ஊறி முழுசாக அடைத்த பிறகுதான் புகை வெளியே தெரிந்திருக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. தொழில் தெரிந்தவர் அல்லவா!

“மாமா!” கீழேயிருந்து மாப்பிள்ளையின் குரல். “மேல் ரூம் குழாயைப் பாத்தீங்களா? ஏதாவது அடைச்சிருக்கா?”

அடைச்சிருக்கா என்ற அந்த ஒரு வார்த்தை அவரைச் சுட்டது. என் வேலையில் குற்றம் தேடுகிறானா?

“ஒண்ணுமில்லை மாப்பிள்ளை!”

“நல்லா பாருங்க மாமா. ரொம்ப நாளாவே ஏதாவது அடைப்பு இருந்திருக்குமா?”

“குழாய் கண்ணாடி மாதிரி இருக்கு! காத்துல மூடி சாஞ்சிருக்கு, அதான் மூணு நாளா புகை திரும்புது. நான் பூசுன கூண்டுல அடைப்பு எங்கேருந்து வரும்?”

“ஒண்ணுமே இல்லையா மாமா?”

“அதான் சொல்றேனே!”

எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை ஏணியை விட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. தப்பித்தோம் என்று கூண்டுக்காரர் மூச்சு விட்டார். தலையணையைப் பைக்குள் அடியில் திணித்தார். மூடியை நிமிர்த்திக் கம்பி கட்டினார். இனி மகளுக்குத் தலைவலி வராது. வராவிட்டால் பேச்சும் தானாக அடங்கிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இறங்குகிற ஒவ்வொரு படியிலும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே இறங்கினார்.

இந்தத் தடவை அவரை முன்வாசல் வழியாகவே ஹாலுக்குள் கூப்பிட்டார்கள். நாற்காலியில் கரி படாமலிருக்கச் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். சம்பந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சுவரோரமாக நின்றாள். காலடியில் அவளுடைய தகரப் பெட்டி பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

“உக்காருங்க சம்பந்தி” என்றார் சம்பந்தியம்மா. “ஒளிவு மறைவில்லாம சொல்லிடுறேன். போன வாரம் இவளை ரெண்டாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, படுக்கிற ரூம்ல கரி எரிக்கிறீங்களா, கூண்டு அடைச்சிருக்கான்னு பாத்தீங்களான்னுதான்.”

கூண்டுக்காரர் உட்காரவில்லை.

“எனக்கு நம்பிக்கை இல்லை. இவன்தான் ஒத்தைக் காலில் நின்னான். கூண்டைப் பாக்கிற வரைக்கும் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னுட்டான். சரி, வேற ஆளைக் கூப்பிட்டா உங்களுக்குத்தானே அவமானம்? பெத்த அப்பா, தொழில் தெரிஞ்சவர், அவர் வாயாலேயே வரட்டும்னு உங்களைக் கூப்பிட்டோம். வந்துடுச்சு. கண்ணாடி மாதிரி இருக்காம்.” சம்பந்தியம்மாவின் குரலில் இன்றைக்குச் சிரிப்பு இல்லை. “அப்போ கோளாறு கூண்டில இல்லை. உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. இனிமே அனுப்பவும் வேண்டாம்.”

கூண்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று தடவை கேட்டானே! குற்றம் தேட வந்தவன் என்று நினைத்தோமே, பெண்டாட்டியைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கேட்டு அண்ணாந்து நின்றிருக்கிறான். அந்த ஒரு வார்த்தை கையிலேயே இருந்தது.

மகள் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.

அவர் குனிந்து பையைத் திறந்தார். துடைப்பங்களைத் தள்ளி, அடியிலிருந்து அதை இழுத்து, விரித்த செய்தித்தாளின்மேல் வைத்தார். கருப்புத் தண்ணீர் காகிதத்தில் ஊறிப் பரவியது.

“இது மேல் ரூம் குழாய்க்குள்ள இருந்துச்சு. நான் வெச்சதுதான். எடுக்க மறந்துட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு வந்ததெல்லாம் இதால வந்தது.”

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இது உங்க சாமான்தானே?”

“ஆமா.”

“உங்க பையிலேருந்துதானே எடுத்தீங்க?”

“ஆமா. ஆனா குழாய்க்குள்ள...”

“கால் மணிக்கு முன்னால கண்ணாடின்னீங்க” என்றார் சம்பந்தியம்மா.

“பொய் சொன்னேன்.”

“எது பொய்? அதுவா, இதுவா?”

கூண்டுக்காரர் தலையணையைச் சுட்டிக் காட்டினார். பிறகு, “ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. தலைவலி வராது. என் தொழில்மேல சத்தியம்” என்றார்.

“எப்படி வரும்? நீங்கதான் எல்லாத்தையும் சரி பண்ணியாச்சே. அப்பாவும் பொண்ணுமா நல்லாத்தான் பேசி வெச்சிருக்கீங்க.”

“மாப்பிள்ளை, நீங்களாவது...”

மாப்பிள்ளை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “மூணு தடவை கேட்டேன் மாமா” என்றார். “மூணு தடவை. இப்போ இதைக் கொண்டாந்து வெச்சா நான் யார்கிட்ட என்னன்னு சொல்றது? வேண்டாம் மாமா. அசிங்கமா இருக்கு.” எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மகள் முன்னால் வந்தாள். செய்தித்தாளிலிருந்து தலையணையை எடுத்து மூலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஹாலில் அவர் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவள் நம்பாமல் இருந்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. “வாங்கப்பா” என்று சொல்லிவிட்டு ஒரு கையில் பெட்டியையும் இன்னொரு கையில் தலையணையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் நிறுத்தம் வரை அவள் இரண்டையும் அவரிடம் கொடுக்கவில்லை. கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வெளிர்நிறப் புடவையின் ஓரம் முழுக்கக் கரித் தண்ணீர் வடிந்திருந்தது. நிறுத்தத்தில் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்கே சந்தேகம் வந்துடுச்சுப்பா. நான் நடிக்கிறேனோன்னு. நீங்களும் சொன்னீங்களா, அப்போ அப்படித்தான் போலன்னு நினைச்சுட்டேன்.”

அவர் சாமான் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“வீட்டுக்குப் போனதும் எண்ணுவீங்களே. அன்னிக்கு எண்ணலையா?”

இதற்கு ஒரு பதில் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. எண்ணலை, மறந்துட்டேன், உடம்பு அசதி. கூரைமேல் வந்ததைப் போலவே சுலபமாக வந்து நின்றது. சொன்னால் நம்புவாள். உலகத்தில் அவர் சொல்வதை நம்ப இன்னும் மீதியிருந்த ஒரே ஆள்.

“எண்ணினேன்.”

“எத்தனை இருந்துச்சு?”

“மூணு.”

அவள் தலையணையின் மூலையில் இருந்த சிவப்பு நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

“நான் வந்திருந்தப்போ, கொண்டாங்க தைச்சுத் தரேன்னு கேட்டேனே. அப்பவும் மூணுதானா?”

“ஆமா” என்றார் கூண்டுக்காரர்.

அவள் தலையணையை அவருடைய சாமான் பைக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் பெட்டியைத் தூக்கி வைத்தாள். கூண்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.